பத்து வருஷ மரம்

ஜூனி ஊரில், ரயில் பட்டறைக்குப் பின்னால்
என் நாற்றுப் பண்ணை.
குழாய்த் தண்ணீர் உறைந்துபோன ஒரு ஜூன் காலை
லெஸ்டர் ப்ரிட்சார்ட் வந்தார்.
சரக்கு ரயில் ஓட்டி ஓய்ந்தவர்.
இரண்டே படி ஏறுவதற்கும்
எஞ்சின் கைப்பிடியைத் தேடும் கை.

"எனக்கு அறுபத்தெட்டு.
டாக்டர் பத்து வருஷம் என்கிறார்,
அதுவும் நான் ஒழுங்காக நடந்துகொண்டால்.
எனக்குப் பிறகும் நிற்கிற மரம் வேண்டாம்.
வெட்டுக்கூலி கொடுக்க வீட்டில் ஆளில்லை."

யூகலிப்டஸ் வரிசையைத் தாண்டினோம்.
எல்ம் வரிசையையும்.
(நூறு வருஷம், நூற்றைம்பது;
விலைச்சீட்டைக்கூட அவர் திருப்பிப் பார்க்கவில்லை.)
மூலையில் கூட்டமுந்திரா வாட்டில்.
சாம்பலில் நீலம் கரைத்த இலை,
பேன்சீப்பு மாதிரி நெருங்கிய பற்கள்.
முழங்கால் உயரம், ஒன்பது டாலர்.

"இது அவசரக்காரி.
மூன்றாம் குளிரிலேயே பூத்துவிடும்,
ஐந்தில் கூரையைத் தாண்டும்.
பத்து வருஷம், மிஞ்சினால் பன்னிரண்டு.
பிறகு ஒருநாள் சொல்லாமல் சாயும்."

"உத்தரவாதம் உண்டா?"

"சாகும் என்பதற்கா?"

"பின்னே?"

ரசீதின் பின்பக்கம் எழுதிக்
கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

தண்டவாளத்தை ஒட்டிய வேலியோரம் நட்டார்.
துணி உலர்த்தும் கம்பிக்குப் பக்கத்தில்
வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.
ஜூலை தோறும்
ஊரே பழுப்பாகக் கிடக்கையில்
அந்த ஒரு வேலி மட்டும்
யாரோ விளக்கை அணைக்க மறந்ததுபோல் மஞ்சள்.
அவர் படுக்கை விரிப்புகள் மஞ்சள்,
தேநீரில் மிதக்கும் தூசி மஞ்சள்,
தும்மித் தும்மி மூக்கு சிவப்பு.

மெல்போர்ன் பக்கம் போகும் ஓட்டுநர்கள்
அந்த மஞ்சளைக் கண்டதும்
ஹாரனை ஒருமுறை தட்டுவார்கள், சின்னதாய்.
ப்ரிட்சார்ட் இருக்கிறார் என்பதற்கு
பட்டறையில் வேறு செய்தி தேவைப்படவில்லை.

ஒன்பதாம் வருஷம் பட்டையில் ஊசித்துளைகள்.
துளைதோறும் பிசின்,
விரலில் ஒட்டினால் சோப்புக்கும் போகாது.
பதினோராம் வருஷம் மே மாதம்
பெரிய காற்றுகூட இல்லை,
கம்பியோடும் நான்கு சட்டையோடும்
படுத்துவிட்டது.

அந்த ஜூலை வேலி வெறுமையாக நின்றது.
பட்டறையில் தொப்பி சுற்றிக் காசு சேர்ந்தது.
டேரன் ஒக்காலகன் வந்து
மலர்வளையம் வேண்டும் என்றான்,
சுமாரான விலையில்.
"யாருக்கு?"
அவன் பெயரைச் சொன்னபோது
பெயருக்குரியவர் அவன் பின்னால்
படியேறிக்கொண்டிருந்தார்.

யாரும் பேசவில்லை கொஞ்ச நேரம்.
தொப்பியிலிருந்த நாற்பத்து மூன்று டாலரை
லெஸ்டர் எண்ணினார், இரண்டு தடவை.
"முப்பத்தாறு வருஷ வேலைக்கு
நாற்பத்து மூன்றா?" என்றார் டேரனிடம்.
பிறகு என் பக்கம் திரும்பி
அந்த ரசீதை மேசையில் வைத்தார்.

"உன் மரம் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது.
என் டாக்டர்தான் ஏமாற்றிவிட்டார்.
அவரும் போன மாதம் போய்ச் சேர்ந்தார்,
எங்கே போய்ச் சண்டை பிடிப்பது?"

புதுக் கன்று எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டேன்.
தேவையில்லையாம்.
விழுந்ததை அங்கேயே போட்டுக் கொளுத்தினாராம்.
சாம்பல் ஆறி, ஒரு மழை பெய்து,
பதினொரு வருஷம் மண்ணில் அசையாமல் கிடந்த
கறுப்பு விதையெல்லாம் சூடுபட்டு வெடித்து
நாற்பது முளையாம், நாற்பதுக்கு மேலாம்,
அழைக்காமல் வந்த சொந்தம் மாதிரி.
களைக்கொத்து இருந்தால் கொடு என்றார்.

கொடுத்தேன்.
போகிற வழியில் எல்ம் வரிசையில் நின்றார்.
ஒரு விலைச்சீட்டைத் திருப்பினார்,
கண்ணாடியை நெற்றியில் ஏற்றிப் படித்தார்.
"பகல்கொள்ளை," என்று
எனக்குக் கேட்கும்படி சொன்னார்.
ஆனாலும் போகவில்லை,
தொட்டியை மெல்ல ஆட்டி
வேர் பிடித்திருக்கிறதா என்று பார்த்தார்.

டேரன் இன்னும் தொப்பியைப் பிடித்தபடி நிற்கிறான்.
ரசீது மேசையில் கிடக்கிறது.
மை மங்கவில்லை.
கையெழுத்து என்னுடையதுதான்.